சூசையும் சந்தியோகுவும் வந்த வழி

மன்னாரில் ஒரு கத்தோலிக்கக் குடும்பத்தின் வம்சாவளியைத் தேடத் தொடங்குகிறவர்கள், பூட்டன் பூட்டி காலத்தை எட்டியதும் திகைத்து நிற்பார்கள். அங்கே சந்தியோகு, கயித்தான், பாவிலு, இன்னாசி, சவிரிமுத்து, தொம்மை, சுவக்கீன், வஸ்தியான், எஸ்தாக்கி என்று பெயர்கள் வரிசையாக வரும். இவை பழந்தமிழ்ப் பெயர்கள் அல்ல. இன்றைய தமிழ் விவிலியத்திலும் இந்த வடிவங்கள் கிடையா. படிப்பறிவில்லாத காலத்துக் கொச்சை என்று எண்ணி, இவற்றை ஜேம்ஸ், போல், தோமஸ் என்று திருத்தி எழுதிவிடுகிறவர்களும் உண்டு. அப்படித் திருத்தும்போது அழிவது பிழையல்ல, ஒரு சான்று. இந்தப் பெயர்கள் எந்த மொழியிலிருந்து, எந்தக் காலத்தில், எப்படிப்பட்ட செவிகளின் வழியாக வந்தன என்பதை அவற்றின் ஒலியே சொல்லிவிடும்.

பிரான்சிஸ் சவேரியார் 1542இல் தூத்துக்குடிப் பக்கத்து முத்துக்குளித்துறைக்கு வந்தார். 1544இல் மன்னார் மக்கள் அழைத்தபோது தாம் வர இயலாமல் ஒரு குருவை அனுப்பினார். அதே ஆண்டில் யாழ்ப்பாண மன்னன் சங்கிலியின் படை, புதிதாக மதம் மாறியவர்களில் சுமார் 600 பேரைக் கொன்றது. 1560இல் போர்த்துக்கேயர் மன்னார்த் தீவைக் கைப்பற்றிக் கோட்டை கட்டினார்கள். 1658இல் ஒல்லாந்தர் வரும்வரை ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு அது போர்த்துக்கேயர் கையில் இருந்தது.

அந்தக் காலத்தில் பெயர் எப்படிக் கிடைத்தது என்பதைச் சவேரியாரே எழுதிவைத்திருக்கிறார். திருவிதாங்கூர்க் கரையில் ஒரே மாதத்தில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு ஞானஸ்நானம் கொடுத்ததாக 1545 ஜனவரிக் கடிதத்தில் சொல்கிறார். ஒவ்வொருவருக்கும் அவரவர் புதுப்பெயரை எழுதிக் கொடுத்ததாகவும் அதில் குறிப்பிடுகிறார். எழுதிக் கொடுத்தது அயல்மொழிப் பெயர். அதைக் கூப்பிட்டுப் புழங்கியது தமிழ் நாக்கு. அந்த நாக்குக்கென்று சில விதிகள் இருந்தன.

‘சூசை’ என்ற பெயரைப் பாருங்கள். போர்த்துக்கேய மொழியில் இது ஜோசே. ஆனால் போர்த்துக்கேயர் வாயில் முதல் எழுத்து ‘ஜ’வுக்கும் ‘ஷ’வுக்கும் இடைப்பட்ட ஒலி, அதை அடுத்து வரும் ஓகாரம் உகரமாகக் குறுகிவிடும். அந்த மெல்லொலிக்குத் தமிழில் மிக அருகில் இருப்பது சகரம். ஆகவே சூசை என்பது பிழையாகக் கேட்டதல்ல, கூர்மையாகக் கேட்டது. ஜோவாக்கிம் சுவக்கீன் ஆனதும் இதே வழியில்தான். ‘சவேரி’யில் இன்னும் ஒரு வியப்பு உண்டு. இதன் ஐரோப்பிய வடிவத்தின் முதல் எழுத்தாகிய எக்ஸைப் போர்த்துக்கேயர் ‘ஷ’ என்று ஒலிப்பார்கள். ஆங்கிலம் பேசுகிறவர்கள் இன்று ‘ஸேவியர்’ என்கிறார்கள். ஐரோப்பிய மொழி எதுவும் படித்தறியாத மன்னார்ப் பாட்டி ‘சவிரி’ என்று கூப்பிடும்போது, அந்தப் புனிதர் காலத்து ஒலிக்கு அவரே கூடுதல் நெருக்கமாக இருக்கிறார்.

‘சந்தியோகு’வின் கதை இதைவிடச் செறிவானது. எபிரேய யாக்கோபு ஐபீரியாவில் இயாகோ ஆனார். அவருக்கு முன்னால் ‘புனித’ என்னும் பொருளுள்ள ‘சாந்த்’ ஒட்டிக்கொள்ள, சாந்தியாகோ பிறந்தது. போர்த்துக்கேயர் பின்னாளில் அதைத் தவறான இடத்தில் பிரித்துத் தியாகோ என்ற புதுப்பெயரையும் உண்டாக்கிக்கொண்டார்கள். தமிழர் பிரிக்கவில்லை. முழுச்சொல்லையும் வாங்கி, கடைசி ஓகாரத்தை உகரமாக்கிச் சந்தியோகு என்றார்கள். மன்னாருக்கு எதிர்க்கரையில், பாம்பன் தீவின் தங்கச்சிமடத்தில், சந்தியாகப்பர் ஆலயம் இன்றும் இருக்கிறது. கடலின் இரு கரைகளிலும் பெயர்களின் குடும்பம் ஒன்றே.

ஒலியைக் காதால் பிடித்ததோடு வேலை முடியவில்லை. அதைத் தமிழ் எழுத்தில் நிலைநிறுத்த உழைத்தவர்களில் முதன்மையானவர் அண்டிரிக் அடிகளார் எனப்படும் என்றிக்கே என்றிக்கஸ். முத்துக்குளித்துறையில் பல்லாண்டு வாழ்ந்து, 1560களில் மன்னாரிலும் பணிசெய்தவர் இவர். இவர் தமிழில் எழுதிய புனிதர் வரலாற்று நூல் 1586இல் அச்சேறியது. அக்காலத் தமிழர் புனிதர்களின் பெயர்களை எப்படி எழுதினார்கள் என்பதற்கு அச்சில் உள்ள மிகப் பழைய சான்றுகளில் அது ஒன்று.

அடுத்து வந்த பெயர்கள் வேறு வகை. அவற்றில் பொருள்தான் பெயர்ந்து வந்தது. இலத்தீனில் பவுலுஸ் என்றால் சிறியவர், ஆகவே சின்னப்பர். யோவான் என்பதற்குக் கடவுளின் அருள் என்பது பொருள், ஆகவே அருளப்பர். இலாசரு என்றால் கடவுள் உதவினார், ஆகவே தேவசகாயம். 1745இல் அந்தப் பெயரோடு வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்ற நீலகண்டபிள்ளையை 2022இல் திருச்சபை புனிதராக அறிவித்தது. இவற்றோடு பக்தியிலிருந்து பிறந்த செபமாலை, வியாகுலம், ஆரோக்கியம், அடைக்கலம் ஆகியவையும் மனிதர்களின் பெயர்களாயின. முத்து, பிள்ளை, அப்பு, நாயகம் போன்ற தமிழ் ஈறுகள் சேர்ந்து சவிரிமுத்து, அந்தோனிப்பிள்ளை, மரியநாயகம் ஆகியோர் பிறந்தார்கள்.

ஒரே பெயருக்குள் இரண்டு காலங்கள் தங்கியிருப்பதும் உண்டு. 1992 முதல் 2016 வரை மன்னார் ஆயராக இருந்தவர் இராயப்பு யோசேப்பு ஆண்டகை. பேதுருவைத் தமிழ்க் கத்தோலிக்கர் தலைமுறை தலைமுறையாக இராயப்பர் என்றே அழைத்தார்கள்; அந்தப் பழைய வழக்கு அவர் பெயரின் முற்பாதி. பிற்பாதியோ, சூசை என்னும் பழைய ஒலியை விட்டு விவிலியத் தமிழின் யோசேப்புக்கு வந்துவிட்டது.

இதெல்லாம் குடும்ப வரலாறு தேடுகிறவர்களுக்கு எதற்கு? மிகவும் தேவை. ஒரே மனிதர் ஒவ்வொரு ஏட்டிலும் வேறு பெயரோடு நிற்பார். வீட்டில் சந்தியோகு என்று அழைக்கப்பட்டவர், இலத்தீனில் எழுதப்பட்ட பங்குப் பதிவேட்டில் ஜாக்கோபுஸ் ஆகியிருப்பார். ஆங்கிலேயர் காலப் பிறப்புப் பதிவில் அவரே ஜேம்ஸாகவோ ஜேக்கப்பாகவோ இருக்கலாம். தெரியாதவர் இவர்களை வெவ்வேறு சகோதரர்களாக எண்ணிவிடுவார். இங்கு குடும்பப்பெயர் வழக்கம் பரவலாக இல்லை. தகப்பனின் பெயரே முன்னால் வரும். ஆகவே தகப்பன் பெயரைத் தவறாக இனங்கண்டால் கிளையே மாறிப்போகும். மன்னார் மறைமாவட்டம் 1981இல்தான் யாழ்ப்பாணத்திலிருந்து பிரிந்தது. அதற்கு முந்திய தலைமுறைகளைத் தேடுகிறவர்கள் யாழ்ப்பாணத்தையும் நினைவில் வைத்திருக்க வேண்டும்.

இது கத்தோலிக்கருக்கு மட்டும் உரியதல்ல. மன்னார் முஸ்லிம் குடும்பங்களில் வரும் முகைதீன், செய்னுலாப்தீன் ஆகியவை அரபுப் பெயர்கள் தமிழ் வாயில் பழகிய வடிவங்கள். சாகுல் ஹமீது என்ற பெயர், கடலுக்கு அப்பால் நாகூரில் அடங்கியிருக்கும் இறைநேசரிடமிருந்து வந்தது. இந்துக் குடும்பங்களின் கேதீஸ்வரனுக்குத் திருக்கேதீஸ்வரம் ஊற்று. எந்தச் சமயமானாலும் மன்னாரில் ஒரு பழம்பெயர் ஒரு புனித இடத்தையோ ஒரு கடற்பாதையையோ காட்டிக்கொடுக்கும்.

1990 ஒக்டோபரில் மன்னார்த் தீவின் முஸ்லிம்கள் சில நாட்களுக்குள் வெளியேற்றப்பட்டார்கள். போர்க்காலத்தில் எத்தனையோ தமிழ்க் குடும்பங்கள் கையில் அகப்பட்டதோடு படகேறி இராமேஸ்வரம் போய்ச் சேர்ந்தன. உறுதி, பிறப்புச் சான்றிதழ், படம் எல்லாம் வீட்டோடு போயின. அப்படிப்பட்ட குடும்பத்துக்கு எஞ்சியிருக்கும் மிகப் பழைய ஆவணம் பெரும்பாலும் ஒரு கிழவியின் நினைவில் இருக்கும் பூட்டனின் பெயர்தான்.

ஆகவே கொடிவழி எழுதுகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். பெரியவர்கள் உச்சரித்தபடியே பெயரை எழுதுங்கள். ஏட்டில் வேறு வடிவம் கிடைத்தால் அதைப் பக்கத்தில் எழுதுங்கள். ஒன்றுக்காக மற்றதை அடிக்காதீர்கள். கயித்தானைக் ‘கஜேட்டன்’ ஆக்க வேண்டாம், பாவிலுவை ‘போல்’ ஆக்க வேண்டாம். காகிதம் இழந்த ஒரு சமூகத்துக்கு அந்த எழுத்துகளே வரலாறு.