"நன்றாகத்தான் இருந்தது!"

விருந்துக்கு வந்தவர் சாப்பிட்டு எழுந்திருக்கிறார். "சமையல் எப்படி?" என்று கேட்கிறோம். "நன்றாகத்தான் இருந்தது" என்கிறார். அந்தத் 'தான்' ஒன்றிலேயே நமக்கு விஷயம் விளங்கிவிடுகிறது. ரசத்தில் உப்புக் கூடியிருக்கும். அல்லது பாயசம் அடிப்பிடித்திருக்கும். மனிதர் சொல்லாமலே சொல்லிவிட்டார்!

இந்தத் 'தான்' ஒரு யந்திரத்துக்கு விளங்குமா? வேடிக்கைக்காகக் கேட்கவில்லை. இன்று கைப்பேசி வழியாகக் குக்கர் வாங்கினாலும், குழந்தைக்குச் சட்டை வாங்கினாலும், "உங்கள் அபிப்பிராயம் என்ன?" என்று கேட்டு விடுகிறார்கள். ஆயிரக்கணக்கில் குவியும் அபிப்பிராயங்களை யார் உட்கார்ந்து படிப்பது? அந்த வேலை செயற்கை நுண்ணறிவு என்னும் யந்திர மூளையிடம் போய்க்கொண்டிருக்கிறது. வாங்கினவர்கள் எழுதியதையெல்லாம் யந்திரமே படித்து, சிறு பத்தியாகச் சுருக்கித் தரும் ஏற்பாட்டை அமேசான் கம்பெனி 2023 ஆகஸ்டில் அமெரிக்காவில் அறிவித்தது.

இதற்கு முன்னோடியாக ஒரு சுவையான பரீட்சை 2002-ல் நடந்தது. கார்னெல் சர்வகலாசாலையின் போ பாங், லிலியன் லீ, ஐ.பி.எம். ஆராய்ச்சிக்கூடத்தின் சிவகுமார் வைத்தியநாதன் ஆகிய மூவர் அதைச் செய்தார்கள். புகழ்ந்து எழுதிய சினிமா விமர்சனங்கள் 700, இகழ்ந்து எழுதியவை 700 எடுத்துக்கொண்டார்கள். புகழ்ச்சிக்கும் இகழ்ச்சிக்கும் என்னென்ன வார்த்தைகள் வரும் என்று இரண்டு மாணவர்களிடம் தனித்தனியே ஜாபிதா கேட்டார்கள். அவற்றை வைத்துப் பிரித்துப் பார்த்தால், ஒருவர் ஜாபிதாவுக்கு 58 சதவிகிதம், மற்றவருடையதற்கு 64 சதவிகிதம்தான் சரியாக வந்தது. காசைச் சுண்டிப் போட்டாலே 50 வருமே!

பிறகு, உதாரணங்களைக் காட்டி யந்திரத்தையே கற்றுக்கொள்ளும்படி விட்டார்கள். ஏறக்குறைய 83 சதவிகிதம் சரியாகச் சொல்லிற்று! வார்த்தைகளை எண்ணிப் பார்த்ததில் இன்னொரு வேடிக்கையும் வெளிப்பட்டது. கேள்விக்குறி இருந்தால் அது பெரும்பாலும் இகழ்ச்சியின் அடையாளமாம். "இப்படியும் ஒரு படமா?" என்று நாமும்தானே கேட்கிறோம்!

சரி, மீதி 17 சதவிகிதத்தில் யந்திரம் ஏன் ஏமாந்தது? பெண் பார்க்க வந்தவர்களை நினைத்துக்கொள்ளுங்கள். "பெண் லட்சணமாக இருக்கிறாள், குடும்பமும் நல்ல குடும்பம், பாட்டும் தேவலை... ஊருக்குப் போய்க் கடிதம் போடுகிறோம்." வார்த்தைக்கு வார்த்தை புகழ்ச்சி, முடிவோ கைவிரிப்பு! விமர்சகர்களும் அப்படித்தான், நடிகர்களையெல்லாம் பாராட்டிவிட்டுக் கடைசி வரியில் படத்தைக் கவிழ்த்திருந்தார்கள்.

இன்றைய யந்திரங்கள் அந்த 'ஆனால்' திருப்பத்தை முன்னைவிட நன்றாகவே கண்டுகொள்கின்றன. நம் பேச்சைக் கற்பிக்கவும் முயற்சி நடக்கிறது. யூடியூபில் தமிழ்ப் படங்களுக்கு வந்த 15,744 கருத்துக்களை ஆராய்ச்சியாளர்கள் திரட்டி 2020-ல் வெளியிட்டார்கள். தமிழும் இங்கிலீஷும் கலந்த மணிப்பிரவாளம் அது! தமிழ் தெரிந்தவர்கள் படித்து, புகழ்ச்சி எது, இகழ்ச்சி எது என்று குறித்துக் கொடுத்தார்கள். யந்திரத்துக்கும் வாத்தியார் மனிதர்தாம்.

ஆனால் ஒரு கவலை உண்டு. ஒரு குக்கரைப் பற்றித் தொள்ளாயிரம் பேர், "பளபளப்பு பிரமாதம்" என்று எழுதுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரே ஒருத்தி, "கைப்பிடி கழன்று கையைச் சுட்டுவிட்டது" என்று எழுதுகிறாள். சுருக்கிச் சொல்லும் யந்திரம் பளபளப்பைத்தான் முதலில் சொல்லும். முக்கியமான கடிதமோ அந்த ஒன்றுதான்! எண்ணுகிற வேலையை யந்திரம் செய்யட்டும். அந்த ஒற்றைக் குரலைத் தேடிப் படிக்க ஒரு மனிதர் இருந்தே ஆகவேண்டும்.

நமக்கும் ஒரு கடமை உண்டு, சகோதரிகளே! "பரவாயில்லை" என்று எழுதுவதில் யாருக்கு என்ன லாபம்? "மூன்றாம் மாதமே மூடியின் ரப்பர் கிழிந்தது" என்று பளிச்சென்று எழுதுங்கள். யந்திரத்துக்கும் விளங்கும், அடுத்து வாங்கப்போகிறவளுக்கும் உதவும்.

'நன்றாகத்தான் இருந்தது' என்பதை மட்டும் விருந்துக்கு வைத்துக்கொள்வோம்!