வீட்டில் தையல் மெஷின் இருக்கிறது. நீச்சலுடைக்கு ஏன் தயக்கம்?

தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு ஏறும் பழைய சாலையோரம் லாத்தா இஸ்கண்டார் நீர்வீழ்ச்சி இருக்கிறது. விடுமுறை நாளில் அங்கே சற்று நேரம் நின்று பாருங்கள். பையன்கள் அரைக்கால் சட்டையோடு தண்ணீரில் குதிப்பார்கள். மாணவிகள் சிலர் டி-சட்டையும் டிராக்சூட்டும் போட்டபடி முழங்கால் வரை நனைவார்கள். இன்னும் சிலர் பாறைமேல் உட்கார்ந்து மற்றவர்களின் பைகளுக்கும் கைத்தொலைபேசிகளுக்கும் காவல் இருப்பார்கள். கேட்டால், "குளிருது", "தலை நனைஞ்சா காய்ச்சல் வரும்" என்பார்கள். ஆனால் பல வேளைகளில் உண்மையான காரணம் குளிர் அல்ல, உடை.

கடையில் தொங்கும் நீச்சலுடை உடலை அதிகம் காட்டுகிறது. உடலை மூடும் உடை கிடைத்தாலும் விலை கட்டுப்படியாவதில்லை. சில சமயம் அளவு பொருந்துவதில்லை. வீட்டில் கேட்கவும் கூச்சம். இதனால் தண்ணீரில் இறங்காதவர் நீந்தப் பழகுவதில்லை. நீந்தத் தெரியாதவர் நாளை கல்லூரி நண்பர்களோடு கடலுக்கோ ஆற்றுக்கோ போகும்போது ஆபத்தும் கூடவே போகிறது. ஓர் உடை இல்லாததற்கு இது பெரிய விலை.

இந்த உடையை வீட்டிலேயே தைக்க முடியும். குறிப்பாக, தையல் பழக்கம் உள்ள தோட்டத்து வீடுகளில் முடியும்.

பாட்டியின் நீச்சலுடை

1929ஆம் ஆண்டு ஜே.ஏ. ரஸ்ஸல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். கேமரன் மலைச் சரிவுகளில் கொழுந்து பறித்த கைகளில் தமிழ்க் கைகள் ஏராளம். பகலில் கொழுந்து பறித்த அம்மாக்களில் பலர் இரவில் தையல் மெஷினின் முன் உட்கார்ந்தார்கள். ரவிக்கை, பாவாடை, பள்ளிச் சீருடை, திரைச்சீலை என்று வீட்டுக்கு வேண்டியதெல்லாம் அங்கேதான் உருவானது. இன்றும் பல வீடுகளில் அந்தக் கறுப்பு மெஷின் ஒரு மூலையில் துணி போர்த்தி நிற்கிறது.

தண்ணீரும் நமக்குப் புதிதல்ல. சங்க இலக்கியமான பரிபாடலில் வையை ஆற்றில் ஆணும் பெண்ணும் புனலாடும் காட்சிகள் உண்டு. நம் பாட்டிமார் பாவாடையை மார்புவரை ஏற்றிக் கட்டிக்கொண்டு ஆற்றிலும் குளத்திலும் குளித்தார்கள். அதுதான் அவர்களின் நீச்சலுடை. குளிக்க அது போதும், நீந்தப் போதாது. பருத்தித் துணி தண்ணீரை நிறைய உறிஞ்சிக் கனக்கும். தொளதொளப்பான துணி தண்ணீரை அள்ளிக்கொண்டு கையையும் காலையும் பின்னுக்கு இழுக்கும். டி-சட்டையும் டிராக்சூட்டும் போட்டு நீந்தினாலும் இதே கதைதான். பல நீச்சல்குளங்கள் இத்தகைய உடைகளை அனுமதிப்பதும் இல்லை.

துணி மாறிய கதை

நூறு ஆண்டுகளுக்கு முன் மேலைநாட்டு நீச்சலுடைகள் பின்னிய கம்பளியால் ஆனவை. நனைந்தால் அவையும் தொங்கிப்போகும். 1958இல் அமெரிக்காவின் டுபோன்ட் நிறுவனத்தில் ஜோசப் ஷிவர்ஸ் என்ற வேதியியலாளர் ஸ்பேன்டெக்ஸ் இழையை உருவாக்கினார். லைக்ரா என்ற பெயரில் நாம் அறிந்தது இதைத்தான். தன் நீளத்தைப்போல் ஐந்து மடங்குக்கு மேல் நீண்டு, விட்டவுடன் பழைய அளவுக்கே திரும்பும் இழை இது. இன்றைய நீச்சலுடைத் துணி பெரும்பாலும் நைலான் அல்லது பாலியெஸ்டரோடு இந்த இழையைக் கலந்து பின்னியது.

துணி மாறியபின் வெட்டும் மாறியது. 2004இல் ஆஸ்திரேலியாவில் வாழும் அஹேடா ஸனெட்டி, தன் சகோதரியின் மகள் உடல் முழுவதும் மூடிய உடையோடு வலைப்பந்து விளையாடச் சிரமப்பட்டதைப் பார்த்தார். அதிலிருந்து அவர் வடிவமைத்ததுதான் புர்க்கினி. "எனக்குப் பொருந்தும் உடை கடையில் இல்லை" என்ற குறையிலிருந்து பிறந்த உடை அது. எவ்வளவு மூட வேண்டும் என்பதை அணிகிறவரே முடிவு செய்யலாம் என்பதே அதில் நமக்குள்ள பாடம்.

கொஞ்சம் கணக்கு

முதல் முயற்சிக்கு இரண்டு துண்டு உடை எளிது: கை வைத்த மேல்சட்டை ஒன்று, முழங்கால் அல்லது கணுக்கால் வரை ஒட்டி நிற்கும் கால்சட்டை ஒன்று. துணிக்கடையில் நான்கு பக்கமும் இழுபடும் நீச்சலுடைத் துணி என்று கேளுங்கள். ஒன்றரை மீட்டர் அளவில் வாங்கினால் பெரும்பாலும் போதும். வாங்கும் முன் துணியை இழுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கை தெரிந்தால் உள்துணி வைக்க வேண்டும்.

சாதாரணச் சட்டையை உடலைவிடப் பெரிதாக வெட்டுகிறோம். நீச்சலுடையை உடலைவிடச் சிறிதாக வெட்ட வேண்டும். எவ்வளவு சிறிதாக என்பதைத் துணிதான் சொல்லும். துணியில் 10 சென்டிமீட்டரைக் குறித்து, வலுக்கட்டாயமின்றி இழுங்கள். 15 சென்டிமீட்டர் வரை நீண்டால் அதன் இழுபடு தன்மை 50 விழுக்காடு. இத்தகைய துணியில் சுற்றளவைப் பத்து விழுக்காடு குறைக்கலாம்.

மார்புச் சுற்றளவு 80 சென்டிமீட்டர் என்றால் உடையின் சுற்றளவு 72. முன்பக்கம் 36, பின்பக்கம் 36. துணியை மடித்து வெட்டினால் மடிப்பிலிருந்து 18, தையலுக்கு ஒன்று சேர்த்து 19 சென்டிமீட்டர். விழுக்காடு எதற்குப் படிக்கிறோம் என்று கேட்பவர்களுக்கு இதோ பதில். துணி அதிகம் இழுபடும் திசை உடலைச் சுற்றி வர வேண்டும் என்பதை மட்டும் மறக்காதீர்கள். உங்களுக்குப் பொருந்தும் பழைய ஒட்டுக்கால்சட்டை இருந்தால், அதைத் தாளின்மேல் வைத்து வரைந்து மாதிரி எடுக்கலாம்.

பழைய மெஷினில் ஒரு சிக்கல்

இங்கேதான் பலர் தோற்றுப்போகிறார்கள். சாதாரண ஊசி நீச்சலுடைத் துணியின் இழைகளை அறுத்து ஓட்டை போடும். தையலும் விட்டு விட்டு விழும். இழுபடு துணிக்கென்றே முனை மழுங்கிய ஊசி உண்டு. ஸ்ட்ரெட்ச் ஊசி, 75/11 என்று கேட்டு வாங்குங்கள். பருத்தி நூல் வேண்டாம். பாலியெஸ்டர் நூல் போடுங்கள்.

அடுத்தது தையல். நேர்த்தையல் துணியோடு சேர்ந்து நீளாது. உடையை மாட்டும்போதே படபடவென்று அறுந்துவிடும். வளைந்து வளைந்து செல்லும் ஸிக்ஸாக் தையல் நீளும். பாட்டியின் கறுப்பு மெஷின் பெரும்பாலும் நேர்த்தையல் மட்டுமே போடும். அதற்காக ஒதுக்கிவிட வேண்டாம். ஊசிக்கு முன்னும் பின்னும் துணியை இரு கைகளாலும் இலேசாக இழுத்துப் பிடித்துத் தைத்தால் தையலில் சற்று இளக்கம் கிடைக்கும். வெட்டி மிஞ்சிய துண்டில் முதலில் தைத்து, நன்றாக இழுத்துப் பாருங்கள். நூல் அறுந்தால் இன்னும் கொஞ்சம் இழுத்துத் தையுங்கள். அழுத்தம் அதிகம் விழும் இடங்களில் இரண்டாவது வரி போடுங்கள்.

இடுப்புக்குச் சாதாரண எலாஸ்டிக் வைத்தால் குளத்துக் குளோரின் அதை விரைவில் கெடுத்துவிடும். நீச்சலுடைக்கான எலாஸ்டிக்கே நல்லது. தண்ணீரில் மேல்சட்டை மேலே ஏறாமல் இருக்க, அதன் உள்ளே நாடா தைத்துக் கால்சட்டையோடு கட்டிக்கொள்ளலாம். நிறத்தையும் யோசியுங்கள். வெளிர்நீலமும் வெள்ளையும் தண்ணீருக்குள் கண்ணுக்கு மறைந்துவிடும். ஆரஞ்சு, பளிச்சென்ற மஞ்சள் போன்றவை தூரத்திலிருந்தே தெரியும். ஆபத்து நேரத்தில் அந்த வித்தியாசம் உயிர் காக்கக்கூடும்.

தைத்த உடையை வீட்டில் போட்டு, கைகளை உயர்த்தி, குனிந்து, உட்கார்ந்து பாருங்கள். பிறகு குளியலறையில் நனைத்துப் பாருங்கள். நீந்தி வந்ததும் நல்ல தண்ணீரில் அலசி நிழலில் காயப்போட்டால் நீண்ட நாள் உழைக்கும்.

உடைக்குப் பிறகு

மாணவர்களே, நல்ல உடை யாரையும் மிதக்க வைக்காது. உடை தயாரானதும் ஆற்றில் குதிப்பதற்கு முன், காவலர் உள்ள நீச்சல்குளத்தில், பயிற்றுநரிடம் முறையாகக் கற்றுக்கொள்ளுங்கள். குளிர்ந்த மலையில் வளர்ந்தவர்களுக்கு அந்த வாய்ப்பு குறைவு. பல பல்கலைக்கழகங்களில் நீச்சல்குளம் உண்டு. மேற்படிப்புக்குக் கீழே இறங்கும்போது, நீங்கள் தைத்த உடையையும் பெட்டியில் எடுத்து வையுங்கள்.

தையலில் ஆர்வம் பிறந்தால் அதுவும் ஒரு வழி. கியாட்மாரா போன்ற நிலையங்கள் தையல் கற்பிக்கின்றன. மலேசியத் திறன் சான்றிதழ் முறையில் படிப்படியாக உயரவும் வாய்ப்பு இருக்கிறது. இழுபடு துணியைத் தைக்கத் தெரிந்தவர் விளையாட்டு உடை, நடன உடை எல்லாம் தைக்கலாம். இது பெண்களுக்கு மட்டுமான வேலையும் அல்ல. தம்பிமார்களும் மெஷினின் முன் உட்காரலாம்.

இந்த வார இறுதியில் மூலையில் நிற்கும் அந்த மெஷினின் போர்வையை எடுங்கள். அம்மாவையோ பாட்டியையோ பக்கத்தில் உட்காரச் சொல்லுங்கள். கடையில் கேட்கக் கூச்சப்பட்டதை அவர்களிடம் தாராளமாகக் கேட்கலாம். அடுத்த முறை லாத்தா இஸ்கண்டார் போகும்போது, பைகளுக்குக் காவல் இருக்க வேறு யாரையாவது தேடிக்கொள்ளட்டும்.