செயற்கைக்கோளிடம் கேள்வி கேட்பது யார்?

உகாண்டாவின் வடகிழக்கு மூலையில் இருக்கிறது கரமோஜா. மழை குறைந்த மேய்ச்சல் பூமி. ஆடுமாடுகளும் கொஞ்சம் சோளமும்தான் மக்களுக்குப் பிழைப்பு. ஒரு பருவம் மழை பொய்த்தால் சில மாதங்களில் வீட்டில் தானியம் தீர்ந்துவிடும். அந்தச் செய்தி தலைநகர் கம்பாலாவை எட்டி, உதவி வந்துசேர்வதற்குள் பல குடும்பங்கள் கால்நடைகளை விற்றுத் தின்றிருக்கும். இந்தத் தாமதத்தை விண்வெளியின் துணையோடு குறைக்கலாம் என்று காட்டியவர் கேத்தரின் நகலெம்பே என்ற உகாண்டாப் பெண்.

அவர் கையாண்ட அறிவியல் நம் பள்ளிப் பாடத்துக்குப் பக்கத்தில் இருப்பது. செழிப்பான இலை, வெயிலில் உள்ள சிவப்பு ஒளியை உறிஞ்சி உணவு தயாரிக்கிறது. கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியின் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடுகிறது. இலை வாடினால் இந்த வேறுபாடு சுருங்கும். சுமார் 700 கி.மீ. உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள் இரண்டு ஒளியையும் அளக்கிறது. கிடைக்கும் அளவை, முந்தைய ஆண்டுகளில் இதே காலத்தில் இருந்த அளவோடு ஒப்பிட்டால், பயிர் தேறுமா என்பது அறுவடைக்கு முன்பே தெரிந்துவிடும்.

நகலெம்பேயின் ஆய்வு உகாண்டா அரசின் பேரிடர் நிதித் திட்டத்துக்கு அடித்தளம் ஆனது. நிலத்தின் பசுமை குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இறங்கியபோது, அந்தப் பகுதியில் கூலி கொடுக்கும் பொதுப்பணிகள் கூட்டப்பட்டன. பட்டினி வந்த பிறகு நிவாரணம் என்ற பழைய வழக்கம் இதனால் மாறியது. கரமோஜாவில் சுமார் 84,000 பேர் பலன் பெற்றார்கள். 2020-இல் ஆப்பிரிக்க உணவுப் பரிசு, புர்கினா ஃபாசோவின் மண்ணியல் அறிஞர் ஆந்த்ரே பாதியோனோவுக்கும் இவருக்கும் பகிர்ந்து வழங்கப்பட்டது.

இந்த வேலைக்கு ஆப்பிரிக்க மண்ணை அறிந்தவர் ஏன் வேண்டும்? லேண்ட்சாட் செயற்கைக்கோள் படத்தில் ஒரு புள்ளி என்பது தரையில் 30 மீட்டருக்கு 30 மீட்டர், அதாவது ஏறத்தாழ 22 சென்ட். அமெரிக்காவில் அந்த 22 சென்டும், அதைச் சுற்றிப் பல ஏக்கரும் ஒரே பயிராக இருக்கும். கிழக்கு ஆப்பிரிக்காவின் சிறு விவசாயி அதற்குள்ளேயே மக்காச்சோளம் போட்டு, ஊடே பீன்ஸும் போட்டிருப்பார். அங்கே பழகிய கணினி நிரல் இங்கே குழம்பிப்போகும். அதற்கு இந்த வயல்களைக் காட்டித்தான் பாடம் சொல்லித்தர வேண்டும். நகலெம்பேயின் குழு மோட்டார் சைக்கிளில் போகிறவர்களின் ஹெல்மெட்டில் கேமராவைப் பொருத்தி, சாலையோர வயல்களைப் படமெடுத்து, எது எந்தப் பயிர் என்று கணினிக்கு அடையாளம் காட்டியது.

சகாராவுக்குத் தெற்கே வயலில் உழைப்பவர்களில் ஏறத்தாழ பாதிப் பேர் பெண்கள். உலக அளவில், வீட்டிலேயே தண்ணீர் கிடைக்காத குடும்பங்களில் 10-க்கு 7-இல் தண்ணீர் சுமப்பது பெண்களும் சிறுமிகளுமே. மழையும் நீரும் தப்பிப்போவதை முதலில் உணர்கிறவர்கள் அவர்கள். செயற்கைக்கோள் எதை அளக்க வேண்டும் என்ற கேள்வியையும் அவர்கள் எழுப்பினால்தான் பதில் பயனுள்ளதாக இருக்கும். ஆப்பிரிக்கச் சிறுமிகளை விண்வெளித் துறைக்கு அழைப்பதில் நான் காணும் முதல் நியாயம் இதுதான்.

விண்வெளிக்கு ஆப்பிரிக்கா புதிதல்ல. 1970 டிசம்பர் 12 அன்று, கென்யாவின் மலிண்டிக்கு அருகே கடலில் நின்ற மேடையிலிருந்து, எக்ஸ் கதிர் வானியலுக்கென்றே உருவான முதல் செயற்கைக்கோள் ஏறியது. அன்று கென்ய விடுதலை நாள் என்பதால் அதற்கு ‘விடுதலை’ எனப் பொருள்படும் உஹுரு என்று சுவாஹிலியில் பெயர் வைத்தார்கள். திட்ட மேலாளர் மார்ஜரி டவுன்செண்ட் என்ற அமெரிக்கப் பெண். ஏவியவர்கள் இத்தாலியர்கள். பூமத்திய ரேகைக்கு அருகில் பூமி சுழலும் வேகம் மிகுதி என்பதால், ராக்கெட்டுக்கு அங்கே இயற்கையாகவே ஓர் உந்துதல் கிடைக்கும். அன்று ஆப்பிரிக்கா கொடுத்தது அந்த இடத்தைத்தான். ஆனால் 2023 ஏப்ரலில் கென்யா தன் பொறியாளர்கள் வடிவமைத்த டைஃபா-1 என்ற புவிநோக்குச் செயற்கைக்கோளை அனுப்பியது. அது விவசாயத்தையும் வறட்சியையும் கவனிப்பதற்கானது.

இந்த மாற்றத்தில் சிறுமிகளுக்குப் பங்கு தானாக வந்துவிடாது. நகலெம்பே இறகுப்பந்து வீராங்கனை. விளையாட்டு அறிவியல் படிக்க ஆசைப்பட்டார். அரசு உதவித்தொகை கிடைக்காததால்தான் மக்கரேரே பல்கலைக்கழகத்தில் சுற்றுச்சூழல் அறிவியலுக்கு வந்தார். அவரை இத்துறையில் சேர்த்தது தற்செயல். அடுத்த தலைமுறையைத் தற்செயலின் கையில் விட முடியாது.

வழி எப்படி அமைப்பது என்பதற்குத் தென்னாப்பிரிக்காவின் கரூ பாலைநிலம் சான்று. 13.5 மீட்டர் விட்டமுள்ள 64 தட்டுகளைக் கொண்ட மீர்காட் ரேடியோ தொலைநோக்கி 2018-இல் அங்கே திறக்கப்பட்டது. தட்டுகள் எழும்புவதற்கு முன்பே, 2005-இல், வானியலும் பொறியியலும் படிக்க உதவித்தொகை தொடங்கிவிட்டார்கள். பக்கத்து ஊரான கார்னார்வனின் உயர்நிலைப் பள்ளியில் கணிதமும் அறிவியலும் நடத்த அப்போது ஆசிரியர் இல்லை. அதற்கும் தொலைநோக்கித் திட்டமே ஏற்பாடு செய்தது. இந்த முயற்சிக்கு அரசுக்குள் உறுதியாக நின்றவர், ஆசிரியராக இருந்து அறிவியல் அமைச்சரான நலேடி பாண்டோர். தொலைநோக்கியை நடத்தும் வானியல் மையத்தின் நிர்வாக இயக்குநர் பொறுப்புக்குப் பின்னர் பொன்ட்ஷோ மருபிங் என்ற பெண் வந்தார்.

2022 ஆகஸ்ட் 4 அன்று எகிப்தின் சாரா சப்ரி 100 கி.மீ. உயரத்தைக் கடந்து, விண்வெளிக்குச் சென்ற முதல் ஆப்பிரிக்கப் பெண் ஆனார். சில நிமிடப் பயணம்தான். ஆனாலும் அதைப் பார்த்த சிறுமிக்கு ‘நம்மில் ஒருத்தி போயிருக்கிறாள்’ என்ற தைரியம் கிடைக்கும். அந்தத் தைரியம் படிப்பாக மாற ஆசிரியர் வேண்டும், ஆய்வகம் வேண்டும், கல்லூரிக் கட்டணம் வேண்டும், வேலைக்குப் போனபின் முடிவெடுக்கும் அதிகாரம் வேண்டும்.

ஆப்பிரிக்க ஒன்றியத்தின் விண்வெளி முகமை 2025 ஏப்ரலில் கெய்ரோவில் தொடங்கப்பட்டது. எந்தச் செயற்கைக்கோளைக் கட்டுவது, எந்தத் தகவலை யாருக்குத் தருவது என்ற முடிவுகளில் அதன் குரல் இனி ஒலிக்கும். பழைய நிறுவனங்களில் பெண்கள் பல ஆண்டுகள் போராடித்தான் மேலே வந்தார்கள். இந்த முகமை இப்போதுதான் பிறந்திருக்கிறது. பொறியாளர் பணியிலிருந்து தலைமைப் பதவி வரை பெண்களுக்குச் சரிபாதி இடம் என்பதை அது முதல் நாளிலிருந்தே விதியாக்கிக்கொள்ளலாம். அப்படிச் செய்தால், இன்று பள்ளியில் இருக்கும் சிறுமிகள் அந்தப் பொறுப்புகளுக்கு வளர்ந்து வருவார்கள்.