பண்ணை உற்பத்தியும் பற்றீரியாக் கூர்ப்பும்

நோய்க்கிருமிகள் விலங்கிலிருந்து மனிதனுக்குத் தொற்றுகின்றன என்பது பொதுவாக நிலவும் எண்ணம். இது பாதி உண்மையே. மனிதனிடமிருந்து விலங்கிடஞ் சென்று, அங்கு மாற்றமுற்று, மீண்டும் மனிதனை வந்தடையும் கிருமிகளும் உள. ஸ்ரபைலோகொக்கஸ் ஓரியஸ் என்னும் பற்றீரியாவின் சீ.சீ. 398 எனப்படும் கிளை இதற்குத் தக்க சான்றாகும்.

2000களின் நடுப்பகுதியில் நெதர்லாந்துப் பன்றி வளர்ப்போரிடையே இக்கிளை கவனத்துக்கு வந்தது. மெதிசிலினுக்கு அது கட்டுப்படவில்லை. 2012இல் வெளியான ஆய்வொன்று 19 நாடுகளிற் பெறப்பட்ட 89 மாதிரிகளின் பரம்பரையலகுத் தொகுதிகளை ஒப்பிட்டு அதன் கால்வழியை வகுத்தது. அதன்படி, இக்கிளையின் மூதாதை மனிதரிடம் வாழ்ந்தது, மெதிசிலினுக்குக் கட்டுப்பட்டது. விலங்குகளிடையே குடியேறியபோது, மனித உடலின் எதிர்ப்பாற்றலை ஏய்க்க உதவிய பரம்பரையலகுகளை, அவற்றைச் சுமந்த வைரசோடு சேர்த்து இழந்தது. ரெற்றாசைக்கிளின், மெதிசிலின் ஆகியவற்றை எதிர்க்கும் பரம்பரையலகுகளைப் பெற்றது. இழந்தவற்றை மீளப் பெற்ற வகைகளும் பின்னர் மனிதரிடம் இனங்காணப்பட்டன.

இதனை இயற்கையின் தற்செயலாக மட்டும் கொள்ளுதல் பொருந்தாது. விகாரம் தற்செயலானது, ஆனால் எது நிலைபெறும் என்பதைச் சூழலே தீர்மானிக்கின்றது. இங்கு அச்சூழல் மனிதர் ஆக்கியது. நெருக்கமாக அடைக்கப்பட்ட விலங்குகளை விரைவிற் கொழுக்கவைக்கும் உற்பத்தி முறையில், நுண்ணுயிர்கொல்லி தீவனத்தோடு தீவனமாயிற்று. மருந்து இடையறாதிருந்த இடத்தில் அதனைத் தாங்கியவையே பெருகின. அவற்றை முதலிற் சுமப்பவர் இலாபம் பெறுவோரல்லர். விலங்குகளோடு நாளும் உழைக்கும் பண்ணைத் தொழிலாளரே.

இவ்வபாயம் அறியப்படாததன்று. பிரித்தானியாவின் சுவான் குழு 1969இலேயே எச்சரித்தது. ஐரோப்பிய ஒன்றியம் வளர்ச்சியூக்கி நுண்ணுயிர்கொல்லிகளை முற்றாகத் தடைசெய்ததோ 2006இலாகும். அப்போதும் சிகிச்சை, நோய்த்தடுப்பு என்னும் பெயர்களில் நெதர்லாந்துப் பண்ணைகளிற் பாவனை உயர்ந்தே இருந்தது. அரசு அளவிலக்குகளை விதித்த பின்னரே, 2009க்கும் 2015க்கும் இடையில், விற்பனை பாதிக்கும் மேலாகக் குறைந்தது.

இதிலிருந்து பெறப்படுவது யாது? பெயரளவிலான தடையை உற்பத்தி முறை எளிதிற் கடந்துவிடும். சமூகம் அளவையும் பயன்பாட்டையும் நேரடியாகக் கட்டுப்படுத்தும்போதே மாற்றம் நிகழ்கின்றது. பற்றீரியாவின் வரலாறும் ஓரளவுக்குச் சமூக வரலாறே என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது.