ஏர் சஸ்பென்ஷன் காரைத் தாழ்த்தலாமா? சென்சாரிடம் சொல்லும் பொய்யும் அதன் விலையும்

மெர்சிடீஸ் எஸ் கிளாஸ், ஆடி ஏ8, வால்வோ எக்ஸ்சி90 மாதிரியான கார்கள் சில வருடம் ஓடி செகண்ட் ஹேண்டுக்கு வரும்போது, ஒரு புது நடுத்தர எஸ்யூவியின் விலைக்கே கிடைத்துவிடுகின்றன. வாங்கிய கையோடு பலருக்கும் வரும் ஆசை: "இன்னும் கொஞ்சம் இறக்கிப் போட்டா செமயா இருக்குமே!"

இறக்கலாம். சாதாரண ஸ்பிரிங் காரைவிட சுலபமாகவே இறக்கலாம். ஆனால் எந்த வழியில் இறக்குகிறோம் என்பதைப் பொறுத்து வேகத்தடை, டயர், ஹெட்லைட், இன்சூரன்ஸ் கிளெய்ம் என்று பல விஷயங்கள் மாறும். ஒர்க்‌ஷாப்பில் பேரம் பேசும் முன் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

காரை நிறுத்தி வைப்பது எது?

ஆம்னி பஸ்களை நம்ம ஊரில் 'ஏர் பஸ்' என்கிறோமே, அதே தத்துவம்தான். இரும்பு ஸ்பிரிங் இருக்க வேண்டிய இடத்தில் ரப்பரால் ஆன காற்றுப் பை. கம்ப்ரஸர் காற்றை அழுத்தித் தரும், வால்வுகள் அதை ஒவ்வொரு பைக்கும் பிரித்து அனுப்பும். (மெக்கானிக்குகள் இந்தப் பையையும் 'ஏர் பேக்' என்றுதான் சொல்வார்கள். ஸ்டியரிங்கில் இருக்கும் ஏர் பேக் வேறு. எஸ்டிமேட்டைப் பார்த்துக் குழம்ப வேண்டாம்.)

எவ்வளவு காற்று வேண்டும் என்று முடிவு செய்வது ஒரு கன்ட்ரோல் யூனிட். கார் எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்பது அதற்கு நேராகத் தெரியாது. சக்கரத்தைத் தாங்கும் ஆர்முக்கும் காரின் பாடிக்கும் நடுவே ஒரு சின்ன கம்பி இருக்கும். அந்தக் கம்பி ஒரு சென்சாரின் கையை மேலும் கீழும் அசைக்கும். சென்சார் சொல்வதுதான் கன்ட்ரோல் யூனிட்டுக்கு வேதவாக்கு. அஞ்சு பேர் ஏறி டிக்கி நிறைய லக்கேஜ் வைத்தாலும் கார் பின்பக்கம் அமுங்காமல் நிற்பது இதனால்தான். பாடி இறங்கியதும் சென்சார் சொல்லிவிடும், உடனே காற்று ஏறும்.

அப்படியென்றால், காரைத் தாழ்த்த எதையும் வெட்டவோ கழற்றவோ வேண்டாம். "நீ ரொம்ப உயரத்துல நிக்கிற" என்று சென்சார் வழியாக ஒரு பொய் சொன்னால் போதும், கார் தானாகவே காற்றை வெளியே விட்டு இறங்கிக்கொள்ளும். சந்தையில் இருக்கும் வழிகளில் பெரும்பாலானவை இந்தப் பொய்யை எங்கே சொல்வது என்பதில்தான் வேறுபடுகின்றன.

பொய் சொல்ல மூன்று இடம்

விலை குறைந்த வழி, லோயரிங் லிங்க். சென்சாரை அசைக்கும் அந்தச் சின்ன கம்பியைக் கழற்றிவிட்டு, நீளத்தைத் திருகி மாற்றக்கூடிய கம்பியைப் போடுவார்கள். கம்பியில் சில மில்லிமீட்டர் மாற்றினாலே பாடி அதைவிட அதிகமாக இறங்கும். ரொம்ப ஆசைப்பட்டால், சென்சார் தன் எல்லையைத் தாண்டிவிட்டது என்று டேஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு எரியும். நாலு கம்பியையும் ஒரே அளவாக வைக்கவில்லை என்றால் கார் ஒரு பக்கம் சாய்ந்து நிற்கும்.

இரண்டாவது, கணினியிலேயே அளவை மாற்றுவது. ஆடி, ஃபோக்ஸ்வாகன் கார்களில் சக்கர மையத்திலிருந்து வீல் ஆர்ச் வரை அளந்து, அந்த மில்லிமீட்டர் எண்ணை டயக்னாஸ்டிக் டூலில் பதிவு செய்யும் வசதி உண்டு. உண்மையான அளவைவிடக் கூட்டிப் பதிந்தால், கார் அந்த வித்தியாசத்துக்கு இறங்கும். எந்தப் பாகமும் மாறாது. ஆனால் பழைய எண்களைக் குறித்து வைக்காமல் செய்துவிட்டால், பிறகு சரி செய்யும்போது தலைவலி.

மூன்றாவது, லோயரிங் மாட்யூல். சென்சாருக்கும் கன்ட்ரோல் யூனிட்டுக்கும் நடுவே வயரில் செருகும் சின்னப் பெட்டி. பல மாட்யூல்களை மொபைல் ஆப்பிலிருந்தே இயக்கலாம். ஷோவில் நிறுத்தும்போது இறக்கிவிட்டு, ரோட்டில் போகும்போது கம்பெனி உயரத்துக்கே திரும்பலாம். விலை கூடுதல்தான். ஆனால் நம்ம ஊர் ரோட்டுக்கு இந்த மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் இதைத்தான் சொல்வேன். காரணத்தை வேகத்தடையே சொல்லும்.

ஒரு சின்னக் கணக்கு

இந்தியச் சாலைகள் காங்கிரஸின் விதிப்படி, வேகத்தடை 3.7 மீட்டர் அகலம், நடுவில் 10 செ.மீ. உயரம் என்று வட்டமாக எழும்ப வேண்டும். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் 3 மீட்டர் இடைவெளி உள்ள ஒரு பெரிய கார் அதன் நடுவில் நிற்பதாக வைத்துக்கொள்வோம். நாலு சக்கரமுமே மேட்டின் மேல்தான் இருக்கும். அதனால் காரின் வயிற்றை நோக்கி எழுவது சுமார் 6.6 செ.மீ. மட்டும். கிரவுண்ட் கிளியரன்ஸ் 12 செ.மீ. என்றால், 4 செ.மீ. இறக்கிய பிறகும் 8 மிச்சம். மெதுவாகப் போனால் தட்டாது.

ஆனால் விதிப்படி கட்டிய வேகத்தடை எத்தனை தெருவில் இருக்கிறது? ஒரு முழ அகலத்தில், செங்குத்தாக, 10 செ.மீ. உயரத்துக்கு ஒரு மேடு இருந்தால், முன் சக்கரம் இறங்கி பின் சக்கரம் ஏறாத நேரத்தில் அந்த 10 செ.மீ. முழுசும் வயிற்றுக்கு நேராக நிற்கும். 8 செ.மீ. கார் அங்கே தட்டியே தீரும். ஏர் சஸ்பென்ஷனில் இருக்கும் 'லிஃப்ட்' பட்டன் ஒரு 3 செ.மீ. தூக்கினால் 11. நூலிழையில் தப்பிக்கலாம்.

லிங்க் போட்ட காரிலும் லிஃப்ட் பட்டன் வேலை செய்யும், ஆனால் இறங்கிய மட்டத்திலிருந்துதான் ஏறும். மாட்யூலில் பழைய உயரத்துக்கே போய், அதற்கு மேலும் தூக்கலாம். அதே கணக்குப்படிதான், ஏர் சஸ்பென்ஷனையே கழற்றிவிட்டு காயில்ஓவர் போடும் யோசனையும் அடிபடுகிறது. காற்று கசியும் கவலை இருக்காது, உண்மைதான். ஆனால் லிஃப்ட் பட்டனும் போய்விடும், லோடு ஏற்றினால் பின்பக்கம் அமுங்கும்.

மழைக்காலத்தையும் மறக்க வேண்டாம். இறங்கிய காரில் இன்ஜின் காற்றை இழுக்கும் குழாயும் அதே அளவு இறங்கியிருக்கும். தேங்கிய தண்ணீர் உள்ளே போனால் இன்ஜின் செலவு தனி.

வேறு எதெல்லாம் மாறும்?

காற்றுப் பை சுருங்கினால் உள்ளே இருக்கும் காற்றின் கொள்ளளவு குறையும், அதனால் ஸ்பிரிங் விறைப்பாகும். பம்ப் ஸ்டாப்பும் பக்கத்தில் வந்துவிடும். மெத்தை மாதிரி போகும் என்று வாங்கிய கார் குழியில் 'டம்' என்று இடிக்கத் தொடங்குவது இதனால்தான். சக்கரத்தின் மேல்பக்கம் உள்ளே சாய்வதால் டயரின் உள்விளிம்பு சீக்கிரம் தேயும். இறக்கியதும் வீல் அலைன்மென்ட் பார்ப்பது கட்டாயம்.

பல கார்களில் ஹெட்லைட்டின் கோணத்தைச் சரி செய்வதும் இதே உயர சென்சார்கள்தான். முன்பக்கத்தைவிடப் பின்பக்கம் அதிகமாக இறங்கிவிட்டால், மூக்கு தூக்கியிருப்பது ஹெட்லைட்டுக்குத் தெரியாது. எதிரே வருபவர் கண்ணில்தான் அடிக்கும். இதை ஒர்க்‌ஷாப்பில் யாரும் சொல்ல மாட்டார்கள், நீங்கள்தான் கேட்க வேண்டும்.

இன்னொன்று: பல ஏர் சஸ்பென்ஷன் கார்கள் நெடுஞ்சாலை வேகத்தில் தானாகவே ஒன்றிரண்டு செ.மீ. இறங்கும். நீங்கள் இறக்கியதற்கு மேல் அதுவும் சேரும்.

சட்டம் என்ன சொல்கிறது?

ஆர்.சி.யில் உள்ள விவரங்கள், உற்பத்தியாளர் குறிப்பிட்டதிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு. கேரளத்திலிருந்து வந்த ஒரு வழக்கில், 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை உறுதி செய்தது. அதே ஆண்டு சட்டத் திருத்தத்தில் வந்த 182ஏ(4) பிரிவின்படி, அனுமதிக்கப்படாத மாற்றம் செய்யும் உரிமையாளருக்கு 6 மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம்.

"ஆர்.சி.யில் கிரவுண்ட் கிளியரன்ஸ் என்று ஒரு கட்டமே இல்லையே?" என்று சிலர் வாதாடுவார்கள். அந்த வாதத்தை நடுரோட்டில் ஓர் அதிகாரியிடம் வைத்துப் பார்க்க வேண்டுமா என்பதை யோசியுங்கள். ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டு, இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கும் எழுத்தில் தெரிவித்துவிடுவது பாதுகாப்பு. சொல்லாமல் செய்த மாற்றத்தைக் காட்டி கிளெய்மைக் குறைக்கவோ மறுக்கவோ அவர்களுக்கு இடம் கொடுக்காதீர்கள். வாரன்டி இருக்கும் கார் என்றால் அதற்கும் இதே கதிதான்.

இறக்கும் முன் ஒரு ராத்திரி

பழைய கார் என்றால், முதலில் சமதரையில் ராத்திரி முழுக்க நிறுத்தி வையுங்கள். நாலு வீல் ஆர்ச்சின் உயரத்தையும் அளந்து எழுதிக்கொண்டு, காலையில் மறுபடி அளந்து பாருங்கள். ஒரு மூலை மட்டும் அமுங்கியிருந்தால் அங்கே காற்று கசிகிறது. அந்தக் கசிவை ஈடுகட்ட ஓயாமல் ஓடியே கம்ப்ரஸர் சூடேறிப் பழுதாகும். பெரிய மாடல்களில் ஒரு மூலைக்கான ஸ்ட்ரட்டின் விலையே வயிற்றைக் கலக்கும் என்பதால், கசிவைச் சரி செய்யாமல் லிங்க்கோ மாட்யூலோ வாங்குவது வீண்.

வேலை நடக்கும்போதும் ஒரு விஷயம். காற்றில் மட்டும் நிற்கும் காருக்கு அடியில் யாரும் போகக் கூடாது. வால்வு திறந்தாலோ பை பிய்ந்தாலோ கார் ஒரு நொடியில் கீழே வந்துவிடும். ஜாக் மோடு இருந்தால் அதை முதலில் போட வேண்டும், பிறகு ஸ்டாண்டில் நிறுத்திய பின்புதான் மெக்கானிக் உள்ளே கை வைக்க வேண்டும். "அஞ்சு நிமிஷ வேலைதான் சார்" என்று ஸ்டாண்டு இல்லாமல் படுக்கப் போகிறவரிடம் சாவியைக் கொடுக்க வேண்டாம்.