உங்களுக்குத் தெரியுமா? திருவில்லிபுத்தூர் – ராஜபாளையம் சிறப்புத் துணுக்குகள்

மதுரையிலிருந்து தென்காசி போகும் சாலையில் திருவில்லிபுத்தூரும் ராஜபாளையமும் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் இடைவெளியில் இருக்கின்றன. ஒன்றைக் கோபுரத்தாலும் பால்கோவாவாலும், மற்றொன்றை நூற்பாலையாலும் நாயாலும் எல்லோருக்கும் தெரியும். ஆசிய நாடுகளின் மொழி, சமயம், சமூகம் ஆகியவற்றைப் பாடமாக வைத்திருக்கும் உலகப் பல்கலைக்கழகங்களில் இந்தப் பக்கத்து மண்ணுக்கு இருக்கும் மதிப்புதான் இங்கே அதிகம் பேசப்படாதது. அதனால் இந்த வாரத் துணுக்குகள் பெரும்பாலும் அதைப் பற்றியவை.

கோதைக்கு ஒரு முனைவர் பட்டம்

அமெரிக்காவின் பெர்க்லியில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் தெற்கு, தென்கிழக்கு ஆசியவியலுக்கென்றே ஒரு துறை இருக்கிறது. அங்கே, திருவில்லிபுத்தூரில் பிறந்து திருப்பாவை பாடிய கோதை என்னும் ஆண்டாளை ஆய்வுப் பொருளாக எடுத்து 2004இல் முனைவர் பட்டம் பெற்றவர் அர்ச்சனா வெங்கடேசன். திருப்பாவையின் 30 பாசுரங்களையும் நாச்சியார் திருமொழியின் 143 பாசுரங்களையும் அவர் ஆங்கிலத்தில் பெயர்த்த நூலை 2010இல் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகப் பதிப்பகம் வெளியிட்டது. இப்போது அவர் டேவிஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். லண்டனின் கீழை, ஆப்பிரிக்க ஆய்வுப் பள்ளியைச் சேர்ந்த கலை வரலாற்றாளர் கிறிஸ்பின் பிரான்ஃபுட்டும் அவரும் சேர்ந்து, திருவில்லிபுத்தூர்க் கோயிலின் சிற்பம், அலங்காரம், விழா ஆகியவற்றைப் பற்றி மட்டுமே ஒரு நூலை 2015இல் கொண்டுவந்தார்கள். மார்க் பதிப்பகம் வெளியிட்ட அந்தப் புத்தகத்தை உள்ளூர்க் கல்லூரி நூலகங்கள் எல்லாம் வாங்கி வைக்க வேண்டும்.

கண் மருத்துவர் படித்த திருப்பாவை

திருப்பாவையைப் பிரெஞ்சில் பெயர்த்தவர் ழான் ஃபிலியோசா. படிப்பால் கண் மருத்துவர். பிறகு இந்தியவியலுக்கு வந்து, 1955இல் புதுச்சேரியில் பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தைத் தொடங்கினார். அந்த நிறுவனமே அவருடைய திருப்பாவை நூலை 1972இல் வெளியிட்டது. டென்னிஸ் ஹட்சன் என்ற அமெரிக்கப் பேராசிரியர் ஆண்டாளின் மார்கழி நீராட்டத்தை வைத்து 1980இல் ஹார்வர்டு இறையியல் ஆய்விதழில் விரிவான கட்டுரை எழுதினார். கலை வரலாற்றாளர் வித்யா தெஹேஜியாவின் ஆண்டாள் மொழிபெயர்ப்பு 1990இல் நியூயார்க்கில் வெளிவந்தது.

பாங்காக்கில் பாவை

தாய்லாந்து அரண்மனைப் பிராமணர்கள் ஆண்டுதோறும் நடத்தும் ஒரு சடங்குக்குத் திரியம்பாவாய் – திரிபாவாய் என்று பெயர். திருவெம்பாவை, திருப்பாவை என்ற பெயர்களே இப்படித் திரிந்தன என்பது அறிஞர்கள் கருத்து. சடங்கில் அவர்கள் ஓதும் தமிழ்ப் பாடல்களின் உச்சரிப்பு தேய்ந்து மாறிவிட்டது. பொருளும் ஓதுபவர்களுக்குத் தெரிவதில்லை. கிரந்தம் சார்ந்த எழுத்தில் இருந்த அந்தச் சுவடிகளை ஆராய்ந்து, எது எந்தப் பாடல் என்று அடையாளம் கண்டு வெளியிட்டதும் அதே புதுச்சேரி நிறுவனம்தான், அதே 1972இல். இந்தச் சடங்கை ஒட்டி பாங்காக்கில் 1784இல் பெரிய ஊஞ்சல் ஒன்று எழுப்பப்பட்டது. பின்னர் புதுப்பிக்கப்பட்ட அதன் சிவப்புத் தூண்களை இன்றும் பார்க்கலாம். ஊஞ்சலாட்டம் மட்டும் 1935இல் நின்றுபோனது. தமிழும் தாய் மொழியும் ஒருசேரத் தெரிந்த ஒரு மாணவருக்கு இதில் இன்னும் எவ்வளவோ வேலை மிச்சமிருக்கிறது.

தெலுங்குக் காவியத்தின் நாயகி வில்லிபுத்தூர்ப் பெண்

1509 முதல் 1529 வரை விஜயநகரத்தை ஆண்ட கிருஷ்ணதேவராயர் தெலுங்கில் எழுதிய பெருங்காவியம் ‘ஆமுக்த மால்யதா’. மாலையைச் சூடிக் கொடுத்த ஆண்டாளின் கதை. ஆறு பகுதிகள் கொண்ட இந்தக் காவியம் திருவில்லிபுத்தூர் வருணனையோடு விரிகிறது. இன்று தெலுங்கு இலக்கியத்தை மேல்நிலையில் படிக்கும் எவரும், ஹைதராபாத்தில் படித்தாலும் சிகாகோவில் படித்தாலும், இந்த நூலைத் தொடாமல் போக முடியாது. தொட்டால் வில்லிபுத்தூர்த் தெருக்களுக்குள் நுழைந்துதான் ஆக வேண்டும்.

இதில் வரும் ஒரு காட்சி மனத்தை விட்டு அகலாதது. விடாத அடைமழை. விறகு நனைந்து கிடக்கிறது. அப்போதும், ஆண்டாளின் தந்தையும் கோயிலுக்குப் பூமாலை கட்டுபவருமான பெரியாழ்வாரின் வீட்டில் அடியார்களுக்குச் சோறு நிற்கவில்லை. தேங்காய் மட்டைகளை எரித்துச் சமைத்து, நெல்லுச் சோறு, தோல் நீக்கிய பருப்பு, நாலைந்து கறி, வடகம், வற்றல், தயிர், நெய் என்று பரிமாறுகிறார்கள். பேரரசர் ஒருவர் ஒரு பூக்கைங்கரியக்காரரின் அடுப்படியை இத்தனை நுணுக்கமாக எழுதியிருக்கிறார். சமூக வரலாறு படிப்பவர்கள் கல்வெட்டுகளுக்கு இணையாகக் காவியங்களையும் புரட்டுவது இதற்காகத்தான். 500 ஆண்டுகளுக்கு முந்தைய சாப்பாட்டுப் பந்தி வேறு எங்கே கிடைக்கும்?

ராஜபாளையத்தின் தனிமனிதப் பல்கலைக்கழகம்

அந்தத் தெலுங்குக் காவியத்தைத் தமிழுக்குக் கொண்டுவந்தவர் ராஜபாளையத்துக்காரர். மு.கு. ஜகந்நாத ராஜா (1933–2008). சாகித்திய அகாதமி மொழிபெயர்ப்புக்கென்று பரிசு வழங்கத் தொடங்கியபோது, 1989ஆம் ஆண்டுக்கான தமிழ்ப் பரிசு இந்த நூலுக்குக் கிடைத்தது.

அவர் அதோடு நின்றவரல்லர். தமிழ், தெலுங்கு, வடமொழி, பிராகிருதம், பாலி என்று மொழி மொழியாகத் தாமே கற்றார். பிராகிருதத்திலிருந்து காதா சப்தசதி, வஜ்ஜாலக்கம், லீலாவதி ஆகியவற்றைத் தமிழாக்கினார். பாலி மொழியின் பௌத்த நூலான உதானமும் அவர் கையால் தமிழுக்கு வந்தது. தமிழிலிருந்து தெலுங்குக்கும் நூல்களைக் கொண்டுபோனார். ராஜபாளையத்தில் மணிமேகலை மன்றம் என்ற இலக்கிய அமைப்பை நடத்தினார். ஒரு பௌத்தக் காப்பியத்தின் பெயரை மன்றத்துக்கு வைத்ததிலேயே அவருடைய மனம் தெரிகிறது.

வெளிநாடுகளில் பிராகிருதத்துக்கு ஒருவர், பாலிக்கு ஒருவர், தெலுங்குக்கு ஒருவர், தமிழுக்கு ஒருவர் என்று பேராசிரியர்களை நியமித்து, ஆசியவியல் துறை என்று பலகை மாட்டுவார்கள். எந்தப் பல்கலைக்கழகத்திலும் பேராசிரியர் பதவியில் இல்லாமல், நூற்பாலை ஊரில் இருந்துகொண்டு ஒரு மனிதர் அந்த வேலை முழுவதையும் இழுத்துப் போட்டுக்கொண்டு செய்தார். தமிழ்நாடு அவரைப் போதுமான அளவு கொண்டாடவில்லை என்பதே என் எண்ணம்.

பெர்க்லியும் ராஜபாளையமும் சந்தித்த இடம்

காதா சப்தசதி, சாதவாகன அரசன் ஹாலனின் பெயரில் வழங்கும் ஏறத்தாழ 700 பிராகிருதப் பாடல்களின் தொகை. கிராமத்துக் காதல், பிரிவு, தோழி பேச்சு என்று படிக்கப் படிக்க நம் அகப்பாடல் நினைவு வரும். பெர்க்லியில் தமிழ்ப் பேராசிரியராக இருந்த ஜார்ஜ் ஹார்ட், சங்கப் பாடல்களை இந்தத் தொகையோடும் வடமொழிக் கவிதையோடும் ஒப்பிட்டு 1975இல் ஒரு நூல் எழுதினார். அந்தத் துறையில் இன்றும் அது தவிர்க்க முடியாத நூல். அதே பிராகிருதப் பாடல்களைத் தமிழாக்கிய ஜகந்நாத ராஜா அவற்றை ஆந்திர நாட்டு அகநானூறு என்றே அழைத்தார்.

வீட்டில் ஒரு மொழி, தெருவில் ஒரு மொழி

ராஜபாளையத்து ராஜுக்கள் விஜயநகர, நாயக்கர் காலங்களை ஒட்டித் தெலுங்கு நாட்டிலிருந்து வந்து குடியேறியவர்கள். பல தலைமுறைகள் போன பிறகும் பல வீடுகளில் தெலுங்குதான் பேச்சு. பிறந்த நாட்டை விட்டுப் பிரிந்து, தமிழ் நடுவே வாழ்ந்த தெலுங்கு அது. எந்தச் சொல்லைக் காப்பாற்றியது, எதைத் தமிழிடமிருந்து வாங்கிக்கொண்டது என்பது மொழியியல் மாணவருக்கு அள்ள அள்ளக் குறையாத செய்தி. வெளியூர் ஆய்வாளர் ஆண்டுக்கணக்கில் உழைத்துப் பெற வேண்டிய காதுப் பழக்கம் இங்கே பிறந்த பிள்ளைக்குத் தாலாட்டிலேயே கிடைத்துவிடுகிறது.

சென்னை மாகாணமும் ஒடிசாவும்

தமிழ், தெலுங்கு, மலையாளம், கன்னடம் நான்கும் பேசப்பட்ட பழைய சென்னை மாகாணத்தின் முதலமைச்சராக 1949 முதல் 1952 வரை இருந்தவர் ராஜபாளையம் பூ.ச. குமாரசாமி ராஜா. பிறகு ஒடிசாவின் ஆளுநர். தம் வீட்டைக் காந்தி கலை மன்றத்துக்கென்று கொடுத்துவிட்டார்.

கிளியின் உடலில் தென் அமெரிக்கா

திருவில்லிபுத்தூர்க் கோயிலில் ஆண்டாளின் கையில் இருக்கும் கிளி தினமும் புதிதாகச் செய்யப்படுவது. மாதுளம்பூ மூக்கு, மரவள்ளி இலையால் உடல், நந்தியாவட்டை இலையும் பனையோலையும் சேர்ந்த இறக்கை, அரளி மொட்டுகளால் வால், காக்காய்ப்பொன்னால் கண். கட்டுவதற்கு வாழைநார். அவள் கையில் இருந்துவிட்டு, மறுநாள் அடுத்த கிளிக்கு இடம் விடும்.

இதில் மரவள்ளி தென் அமெரிக்காவில் தோன்றிய செடி. போர்ச்சுகீசியர் கடல்வழி வந்த பிறகே ஆசியாவுக்கு வந்தது. ஆண்டாளின் காலத்தை 8, 9ஆம் நூற்றாண்டு என்று ஆய்வாளர்கள் பொதுவாகக் கொள்கிறார்கள். ஆகவே இன்றைய கிளியின் உடல், உலக வணிக வரலாறு கோயிலுக்குள் வந்து சேர்ந்த விதத்தைச் சொல்கிறது. ஒரு முதுகலை ஆய்வேட்டுக்கு இந்த ஒரு கிளி போதும்.

அரையர் சேவை

பாசுரத்தைப் பாடி, அபிநயித்து, உரையும் சொல்லும் அரையர் சேவை இன்று மிகச் சில தலங்களிலேயே உயிரோடு இருக்கிறது. திருவரங்கம், ஆழ்வார்திருநகரி, திருவில்லிபுத்தூர் ஆகியவை அவற்றில் அடங்கும். இசை, நாடகம், உரைமரபு மூன்றையும் ஒன்றாகப் படிக்க வேண்டிய கலை இது.

மாலை போகும் தூரம்

ஆண்டாள் சூடிய மாலை சித்திரையில் கள்ளழகருக்காக மதுரைக்கும், புரட்டாசி பிரம்மோற்சவத்துக்காகத் திருமலைக்கும் போகிறது. மார்கழியில் திருமலையில் சுப்ரபாதத்தின் இடத்தில் திருப்பாவைதான்.

சண்டை வேண்டாத சமூகம்

திருவில்லிபுத்தூருக்கு மேற்கே செண்பகத்தோப்புப் பக்கம் பளியர் குடியிருப்பு உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலையின் பளியர்களை 1960களிலிருந்து ஆராய்ந்தவர் அமெரிக்க மானுடவியலாளர் பீட்டர் கார்ட்னர். பூசல் எழுந்தால் ஒதுங்கிப் போய்விடுவதும், ஒருவரை ஒருவர் அதட்டாமல் மதிப்பதும் அவர்களுடைய வாழ்க்கை முறை என்று அவர் எழுதினார். வன்முறையைத் தவிர்க்கும் சமூகங்களைப் பற்றிய உலக ஆய்வுகளில் பளியர் பெயர் தவறாமல் வருகிறது. ஏட்டில் அவர்களைப் புகழும் நாம் நேரில் அவர்களுடைய நில உரிமைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் என்ன செய்தோம் என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டும்.

1875இல் ஒரு நூலகம்

திருவில்லிபுத்தூரின் பென்னிங்டன் பொது நூலகம் 1875இல் தொடங்கியது. அன்றைய திருநெல்வேலி மாவட்ட ஆட்சியரின் பெயர் அது. சென்னைப் பல்கலைக்கழகம் தொடங்கி 18 ஆண்டுகளே ஆகியிருந்த காலத்தில் இந்தச் சிற்றூர் தனக்கென்று ஒரு பொது நூலகம் அமைத்துக்கொண்டது.

மதுரையில் தமிழ் படிக்கும் அமெரிக்கர்கள்

இந்தியவியலுக்கான அமெரிக்க நிறுவனம் நெடுங்காலமாகத் தன் தமிழ் வகுப்புகளை மதுரையில் நடத்திவருகிறது. செய்யுளும் உரைநடையும் படித்துவிட்டு வரும் மாணவர், டீக்கடையில் ஒரு வாக்கியம் பேசத் திணறுவார். எழுத்துத் தமிழ் ஒன்று, பேச்சுத் தமிழ் ஒன்று என்று இரண்டையும் தனித்தனியாகப் படித்தால்தான் அவருக்குக் கதவு திறக்கும். பேச்சுத் தமிழுக்கென்றே ஹெரால்ட் ஷிஃப்மன் எழுதிய இலக்கணத்தைக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகப் பதிப்பகம் 1999இல் வெளியிட்டது.

நம் ஊரிலும் ஆசியவியல்

ஆசியவியலுக்கென்றே சென்னைச் செம்மஞ்சேரியில் ஒரு நிறுவனம் இருக்கிறது. ஆசியவியல் நிறுவனம் என்பதே பெயர். 1982இல் ஜான் சாமுவேல் தொடங்கியது. ஷு ஹிகோசகா என்ற ஜப்பானிய அறிஞர் அதில் பணியாற்றி, தமிழகப் பௌத்தம் பற்றி நூல் எழுதினார்.

எங்கே, எதைப் படிப்பது?

ஆசியவியல் என்ற பெயரிலேயே பட்டம் தேடி அலைய வேண்டியதில்லை. தமிழ், தெலுங்கு, வரலாறு, மொழியியல், மானுடவியல் இவற்றில் ஏதேனும் ஒன்றில் இளங்கலையில் அடித்தளம் போட்டு, கூடவே ஒரு பழைய மொழியைக் கற்றுக்கொண்டால் போதும். முதுகலையில் வழி தானே விரியும். கிரந்த எழுத்து படிக்கத் தெரிவதும், கல்வெட்டு வாசிக்கப் பழகுவதும் பெரிய பலம். சங்க இலக்கியத்தை மூலச் சுவடியோடு ஒப்பிட்டுப் படிக்கும் கோடைக்கால வகுப்புகளைப் புதுச்சேரியில் பிரெஞ்சுத் தூரக்கிழக்கு ஆய்வுப் பள்ளி நடத்தியிருக்கிறது. ஐரோப்பாவிலிருந்து மாணவர்கள் விமானம் ஏறி வந்து அதில் உட்கார்ந்தார்கள். ராஜபாளையத்திலிருந்து அதற்கு ஒரு பேருந்துப் பயணம்தான்.

பிளஸ் டூ முடித்த பெண்ணோ பையனோ இதைப் படிக்கிறேன் என்று கேட்டால், வேலை கிடைக்குமா என்ற கேள்வியோடு பேச்சை முடித்துவிடாதீர்கள். கற்பித்தல், மொழிபெயர்ப்பு, அருங்காட்சியகம், தொல்லியல், பதிப்பு என்று இந்தப் படிப்புக்கும் வேலைகள் உண்டு. படிப்பு தொடங்கும் வரை காத்திருக்கவும் தேவையில்லை. உங்கள் வீட்டுப் பாட்டி ராஜபாளையத்துத் தெலுங்கில் கதை சொல்பவராக இருந்தால், அவருடைய சம்மதத்தோடு இந்த வாரமே கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். ஊர், தேதி, அவருடைய வயது மூன்றையும் பதிவின் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள்.