ஆடும் கருவிழியும் தீட்டிய அரிசியும்

ஒருவரின் கருவிழிகள் தாமாகவே துடித்து ஆடினால், அல்லது ஒரு பொருள் இரண்டாகத் தெரிகிறது என்று அவர் சொன்னால், கண்நோய் என்று எண்ணித் துளிமருந்து தேடுகிறோம். பல வேளைகளில் கண்ணில் குறையே இல்லை. கண்ணை அசைக்கும் தசைகளுக்குக் கட்டளையிடுவது மூளை. அங்கே நேரும் கேடு கண்ணில் முதலில் தெரியலாம்.

இவற்றுள் ஒன்று, இடம்பெயர்ந்து நிவாரண அரிசியில் வாழ்ந்த எமக்கு நெருக்கமானது. 1881இல் ஜேர்மன் வைத்தியர் கார்ல் வேர்ணிக்கே மூன்று நோயாளரை விவரித்தார். இருவர் கடுங்குடியர். மற்றவர் அமிலம் குடித்து, ஓயாது வாந்தி எடுத்த இளம்பெண். மூவருக்கும் கண்ணசைவு கெட்டது, நடை தள்ளாடியது, அறிவு குழம்பியது, மூவரும் இறந்தனர். தயமின் எனப்படும் உயிர்ச்சத்து பி1 குறைந்ததே காரணம் என்பது பிற்காலத்தில்தான் தெரிந்தது. 1942இல் சிங்கப்பூர் சாங்கிப் போர்க்கைதிகள் முகாமில் தீட்டிய வெள்ளையரிசியே முக்கிய உணவு. வயிற்றோட்டமும் சேர, அங்கும் இந்நோய் தோன்றியது. 52 பேரின் விபரம் 1947இல் வெளிவந்தது.

உடல் இச்சத்தைச் சில கிழமைகளுக்கு மேல் சேமித்து வைக்காது. நெல்லில் அது தவிட்டிலும் முளையிலும் உண்டு. நன்றாகத் தீட்டினால் போய்விடும். எஞ்சியதையும் பலதரம் கழுவி, கஞ்சியை வடித்து ஊற்றி நாமே போக்குகிறோம். நெல்லை அவிக்கும்போதோ சத்து மணிக்குள் இறங்கும். எங்கள் அம்மம்மாமார் புழுங்கல் குத்தரிசியை விடாதது வீண் பிடிவாதமன்று. பயறு, உழுந்து, கச்சானிலும் இச்சத்து உண்டு.

கசிப்புக் குடித்துச் சோற்றைக் கைவிட்டவர், கர்ப்பகால வாந்தி கிழமைக்கணக்கில் நிற்காத தாய், இவர்களைக் கவனியுங்கள். தலையை அசையாது வைத்து, உங்கள் விரலைக் கண்ணால் மட்டும் இடமும் வலமும் தொடரச் சொல்லுங்கள். கடைக்கோடியில் ஓரிரு துடிப்பு எவருக்கும் வரலாம். ஓயாது ஆடினால், ஒரு கண் பின்தங்கினால், காலை அகட்டி நடந்தால், வெறி என்று கிடத்தி வைக்க வேண்டாம். மூன்று குறிகளும் சேரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். (நிலத்தில் படுத்தெழுந்தவருக்குக் கண்ணிமை தொங்குவது வேறு கதை; அது கட்டுவிரியன் கடியாக இருக்கலாம். அதற்கும் உடனே வைத்தியசாலைதான்.)

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, எந்த வைத்தியசாலைக்குப் போனாலும் குடியையும் வாந்தியையும் பட்டினி கிடந்த நாட்களையும் வெட்கப்படாமல் முதலிலேயே சொல்லுங்கள். தயமின் ஊசி போடாமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால், மிஞ்சியிருக்கும் சிறிதளவு சத்தும் செலவாகி நோய் முற்றலாம். வேளைக்கு ஊசி போட்டால் கண்ணசைவு சில மணித்தியாலங்களிலேயே திரும்பத் தொடங்கும். நடை மெதுவாகவே தேறும். பிந்தினால் ஞாபகம் முழுதாகத் திரும்பாமலும் போகலாம்.